கேட்காமல் எடுத்த குரல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கோகிலவாணியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவள் குரல் காதில் விழாமல் அங்கே யாரும் பஸ் ஏறியதில்லை. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, இலவசக் கண் பரிசோதனை முகாம், பள்ளிக்கூட அட்மிஷன், யாரோ டீக்கடையில் விட்டுப்போன பை என்று எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும்.

அவள் பிறந்தது திருநாவலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தாள். படிப்பைவிட அவளிடம் இருந்த ஒரு வித்தைதான் பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கித் தந்தது. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டிவிடுவாள். தலைமையாசிரியை மூக்கால் பேசுவது, கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அதட்டுவது, சர்ச் வாசலில் செபஸ்தியம்மாள் பேரனைத் திட்டுவது என்று அவள் ஆரம்பித்தால் சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. கறுத்து மெலிந்து, சட்டென்று கண்ணில் படாத பெண்ணாக இருந்தவளை நாலு பேர் நடுவில் நிறுத்தியது அதுதான்.

கொளஞ்சியப்பன் என்பவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே விளம்பரம் பதிவு செய்யும் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் பதிவு செய்த விளம்பரங்களைக் குழாய் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகக் கொண்டுபோனவன் தமிழழகன். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் குரலோடு ஒரு வருஷம் சுற்றியவன். பிறகு அவனையே கட்டிக்கொண்டாள். காலையும் சாயங்காலமும் பஸ் ஸ்டாண்டுக்குள் இருந்த சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்வாள். மற்ற நேரம் ஸ்டூடியோ. நல்ல வேலைதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் வெள்ளிமலை பஸ் வந்து நிற்கும். கல்வராயன் மலையிலிருந்து நெல்லிக்காய், புளி, பலாப்பழம் என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைக் கொண்டுவரும் பெண்கள் இறங்கி, தூண் ஓரமாகச் சாக்கை விரித்து உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி தைலம்மாள். நாற்பதை நெருங்கும் வயது. இரண்டு பக்கமும் மூக்குத்தி, நெற்றியில் பச்சை குத்திய புள்ளி, தலையில் எப்போதும் சும்மாடாகச் சுற்றிய ஒரு பழைய பச்சைத் துண்டு. பள்ளிக்கூடம் போனவளில்லை. நெல்லிக்காயை எண்ணி எண்ணிக் கூறு கட்டுவாள். நிதானமாக எண்ணவிட்டால் தப்பே வராது. டவுன்காரர்கள்தான் விடமாட்டார்களே! "சீக்கிரம்மா, பஸ்ஸு கெளம்புது" என்று நாலு பேர் கத்தினால் எண்ணிக்கை பாதியில் அறுந்துவிடும். உடனே கையை உயர்த்தி, "இரு சாமி, இரு சாமி, மறுக்கா எண்றன்" என்பாள். விரல் கணுவைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு முதலிலிருந்து தொடங்குவாள். சில சமயம் எழுந்து ஜன்னலுக்கு வந்து, "ரேடியோ பாப்பா, நீ ஒரு வாட்டி எண்ணிச் சொல்லு. இவங்க பேச்சுல எனக்குக் கொழம்பிப் போவுது" என்று கேட்பாள். கோகிலவாணி எண்ணிச் சொல்வாள். தைலம்மாள் கை நிறைய நெல்லிக்காயை ஜன்னல் வழியாக வைத்துவிட்டுப் போவாள்.

மத்தியானம் ஸ்டூடியோவில் டீ வரும்போது கோகிலவாணி தைலம்மாள் ஆகிவிடுவாள். துப்பட்டாவைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டு, ஏழுக்குப் பிறகு ஒன்பது சொல்லி, "இரு சாமி, இரு சாமி" என்று கையைத் தூக்குவாள். கொளஞ்சியப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். வாயில் அந்த நெல்லிக்காயை மென்றுகொண்டே அவள் அதைச் செய்த நாட்களும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டூடியோவின் மாடியறைக்கு இளஞ்செழியன் குடிவந்தான். சின்னசேலத்துப் பையன். சேலத்தில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்தமாகச் செய்கிறேன் என்று திரும்பி வந்தவன். தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தான். வி.ஆர். என்றான். அதைக் கண்ணில் மாட்டினால் சுற்றியிருக்கும் அறை மறைந்து வேறொரு உலகம் தெரியும். திரும்பினால் அதுவும் திரும்பும். கை நீட்டினால் அங்கேயும் ஒரு கை நீளும். அதற்குள் பிள்ளைகள் கணக்குப் பழக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான். பெயர் 'கணக்குச் சந்தை'.

"கணக்கு வரலன்னு எந்தப் புள்ளையும் பயப்படறதில்லக்கா. தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் சிரிப்பாங்களேன்னுதான் பயப்படுது" என்றான் அவளிடம். "இந்தப் பெட்டிக்குள்ள போயிட்டா யாரும் பாக்க மாட்டாங்க. எத்தினி வாட்டி வேணாலும் தப்பு பண்ணலாம்."

அவனுக்குக் குரல்கள் தேவைப்பட்டன. எண்களைச் சொல்ல, பாராட்ட, தப்பானால் "அச்சச்சோ, ஏமாந்து போயிட்டியே!" என்று சொல்ல. எல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்தது. சந்தையில் ஒரு காய்க்காரி உண்டு. அவள் தப்பும் தவறுமாகக் கணக்குச் சொல்வாள். குழந்தை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, எதிரே இருக்கும் இரண்டு பலகையில் 'சரி' அல்லது 'தப்பு' என்பதைத் தொட வேண்டும். காய்க்காரிக்கு அவன் எழுதிக் கொடுத்த வசனம் பாடப்புத்தகம் போல் இருந்தது.

"இது செத்த பேச்சா இருக்குதே தம்பி" என்றாள் கோகிலவாணி. "நான் ஒண்ணு பேசறன், கேளு."

மைக்கை இழுத்து, கையைத் தூக்கினாள். "இரு சாமி, இரு சாமி, மறுக்கா எண்றன். ஆறு ஆறா நாலு கூறு... இருவத்தாறு. சரிதானே சாமி?"

இளஞ்செழியன் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதான்! இதேதான்! ஆளு எப்பிடி இருப்பாங்க, அதையும் சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். இரண்டு பக்க மூக்குத்தியைச் சொன்னாள், நெற்றிப் பச்சையைச் சொன்னாள், தலைத்துண்டின் நிறத்தைக்கூட விடவில்லை. ஒன்றையும் மறைக்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் புருஷனிடம், "கம்ப்யூட்டர்ல நம்ம ஆளு வரப்போவுதுங்க" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

விளையாட்டு தயாரானது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் சில பள்ளிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் காய்க்காரியைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று இளஞ்செழியன் வந்து சொன்னான். அடுத்து மலைமேல் ஒரு பள்ளிக்குப் போவதாக ஏற்பாடு. "நீங்களும் வாங்கக்கா. புள்ளைங்க உங்களப் பாத்தா சந்தோசப்படும்."

தன் குரலைக் கேட்கிறவர்கள் தன் முகத்தையும் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பே அவளுக்குப் புதிது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால் போனார்கள். பள்ளி ஓர் ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு புங்கமரம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். நிர்மலா டீச்சர் வாசலுக்கே வந்து வரவேற்றார். கணக்கு டீச்சர் அவர்தான். பெற்றோர் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்று இளஞ்செழியன், பெட்டிக்குள் தெரிவது வகுப்பு டிவியிலும் தெரியும்படி கம்பியை இணைத்தான். பெட்டிக்குள் போய்விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவன் அவன்தான். அது அவனுக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

முதல் பையன் மாட்டிக்கொண்டான். டிவியில் சந்தை விரிந்தது. பச்சைத் துண்டும் மூக்குத்தியுமாகக் காய்க்காரி எழுந்து கையைத் தூக்கினாள். "இரு சாமி, இரு சாமி..."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. பையன் 'தப்பு' பலகையை அடித்தான். திரையில் பூ கொட்டியது. அடுத்தவன், அடுத்தவள். ஒவ்வொருவரும் 'தப்பு', 'தப்பு' என்று அடித்துத் தள்ளினார்கள். பூ கொட்டிக்கொண்டே இருந்தது. இளஞ்செழியன் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் குரல் யாருதுன்னு தெரியுமா? இதோ இந்த அக்காவுதுதான்" என்று அவளைக் காட்டினான்.

"பேசிக் காட்டுங்கக்கா! பேசிக் காட்டுங்க!" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். அவள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு பேசிக் காட்டினாள். பெரியவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களை அவள் கவனிக்கவில்லை.

கடைசியாக ஜீவிதா என்று கூப்பிட்டார்கள். நாலாவது படிக்கிற பெண். எண்ணெய் வழிய இரட்டைச் சடை. வரத் தயங்கினாள். டீச்சர் தட்டிக்கொடுத்ததும் வந்து பெட்டியை மாட்டிக்கொண்டாள்.

"ஒம்போது ஒம்போதா மூணு கூறு... முப்பது. சரிதானே சாமி?" என்றது காய்க்காரியின் குரல்.

ஜீவிதாவின் கை 'சரி' பலகையைத் தொட்டது.

"அச்சச்சோ, ஏமாந்து போயிட்டியே!" இதுவும் கோகிலவாணியின் குரல்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எட்டும் ஏழும் பதினாறு. சரிதானே சாமி?"

'சரி.'

"அச்சச்சோ, ஏமாந்து போயிட்டியே!"

மறுபடியும் 'சரி'. மறுபடியும் 'அச்சச்சோ'. ஒன்றுக்குக்கூட அவள் 'தப்பு' தொடவில்லை. இளஞ்செழியன் குனிந்து, "இந்தப் பாப்பா கொஞ்சம் வீக்குங்களா டீச்சர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

நிர்மலா டீச்சர் குழந்தைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். "வீக்கா? கிளாஸ்லயே இவதான் முதல். இப்பகூட வாய்க்குள்ள இருவத்தேழுன்னு சொல்லிட்டுத்தான் 'சரி'யத் தொட்டா. என் காதாலே கேட்டேன்."

பெட்டியைக் கழற்றினார்கள். குழந்தையின் கன்னத்தில் பெட்டியின் விளிம்பு பதிந்திருந்தது. கோகிலவாணி அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, சிரித்த முகமாகவே கேட்டாள். "ஏன் கண்ணு, விடை தெரிஞ்சிக்கினே எல்லாத்துக்கும் சரி போட்ட?"

ஜீவிதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் தப்புன்னு சொன்னா அவங்களப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க."

"அது பொம்மைதானே கண்ணு?"

பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். "டீச்சர், அது அவங்க அம்மா மாதிரியே பேசுது டீச்சர்! துண்டுகூட அதே துண்டு!" வகுப்பு மறுபடி சிரித்தது.

கோகிலவாணி அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். மூக்கும் தாடையும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தவை. தெரிந்தபிறகும் வாய் கேட்டுவிட்டது.

"உங்கம்மா பேரு இன்னா?"

"தைலம்மாள்."

கோகிலவாணியின் முந்தானை இன்னும் சும்மாடாகத் தலையிலேயே இருந்தது. அதை இழுத்து இறக்கினாள். குழந்தை அதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் இளஞ்செழியன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். எத்தனை பேர் எத்தனை சரி என்று கணக்குச் சொன்னான். காய்க்காரி நிஜத்தில் யார் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேர்தான். மலை இறங்கி முடியும்வரை சொல்வதற்கு நேரம் இருந்தது. தலை வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் தமிழழகனிடம் மட்டும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "நீ இன்னா வேணும்னேவா பண்ண? விடு. அந்தம்மாவுக்கா தெரியப்போவுது" என்றான். ஆறுதலுக்குச் சொன்னதுதான். 'வேணும்னே பண்ணலியா?' என்று அவளையே அவள் கேட்டுக்கொண்டபோது பதில் அவ்வளவு சுலபமாக வரவில்லை. துண்டின் நிறத்தைச் சொன்னது யார்?

அன்றிலிருந்து ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தி வைத்தே விளம்பரம் படித்தாள். கொஞ்ச நாள் கழித்துத் தைலம்மாளே வந்து கதவைத் தட்டினாள். வழக்கம்போலக் கையில் நெல்லிக்காய்.

"ரேடியோ பாப்பா, எங்க ஊரு பள்ளிக்கொடத்துக்கு வந்தியாமே? டீச்சரு சொன்னாங்க. எம்பொண்ணப் பாத்தியா?"

"பாத்தங்க்கா."

"அன்னிக்கிலேர்ந்து பள்ளிக்கொடம் போவ மாட்டன்னு அழிச்சாட்டியம் பண்ணுது. அடிச்சும் பாத்துட்டன், வாயத் தொறக்க மாட்டேங்குது. நீ அங்கதானே இருந்த? யாராவது எதுனா சொன்னாங்களா பாப்பா?"

கேட்டவளின் முகத்தில் சந்தேகமே இல்லை. தனக்குக் கணக்கு எண்ணிக் கொடுக்கிறவள் இதையும் சரியாகச் சொல்வாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. கோகிலவாணி மைக்கின் கம்பியை விரலில் சுற்றினாள்.

"தெரியலியேக்கா. நல்லாதான் வெளையாடுச்சி" என்றாள்.

"சரி பாப்பா" என்று தைலம்மாள் நெல்லிக்காயை வைத்துவிட்டுப் போனாள். தெரியாமல் செய்தது, விளையாட்டுக்குச் செய்தது என்று இதுவரை தனக்குத்தானே சொல்லிவந்த சமாதானமெல்லாம் அந்த ஒரு பொய்யோடு போயிற்று. அந்தக் குழந்தை தன்னால் அடி வாங்கியிருக்கிறது. நெல்லிக்காயை அவள் தின்னவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. மேசையிலேயே கிடந்து சுருங்கியது.

கீழ்நாட்டுப் பள்ளிகளில் அந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்ததே, அதுதான் கடைசியில் அவளை வெளியே இழுத்துவந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் நகைக்கடை விளம்பரம் படித்துக்கொண்டிருந்தாள். சீருடை போட்ட நாலைந்து பிள்ளைகள் தூண் பக்கமாகப் போனார்கள். ஒருவன் தைலம்மாளைப் பார்த்ததும் நின்றான். நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு கையைத் தூக்கி, "இரு சாமி, இரு சாமி, மறுக்கா எண்றன்!" என்றான். மற்றவர்களும் கோரஸாகச் சொன்னார்கள். சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தைலம்மாள் கையில் நெல்லிக்காயோடு அப்படியே இருந்தாள். பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். முன்பின் பார்த்திராத பிள்ளைகளுக்குத் தன் பேச்சு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு எங்கே விளங்கும்? தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் விளம்பரம் பாதியில் நின்றுபோனது. கோகிலவாணி மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். தூண் வரைக்கும் நடந்து, சாக்கு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்தப் பசங்க பேசினது எங்கிட்டேர்ந்து கத்துக்கினது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. பெட்டி என்றாள், சந்தை என்றாள், டிவி என்றாள், டீ நேரத்தில் செய்தது வரைக்கும் சொன்னாள். தைலம்மாளுக்குப் பாதி புரியவில்லை. "என்ன மாதிரி பேசினியா? எப்பிடி? எங்க, பேசிக் காட்டு" என்றாள்.

"வேணாங்க்கா."

"பேசு பாப்பா. ஊருக்கெல்லாம் பேசிக் காட்டியிருக்க. எனக்குக் காட்ட மாட்டியா?"

கோகிலவாணி பேசினாள். யாரைப் பார்த்துப் பழகினாளோ அவள் முகத்துக்கு நேராகவே பேச வேண்டியிருந்தது. இரு சாமி என்றாள். ஆறு ஆறாக நாலு கூறு என்றாள். இருபத்தாறு என்றாள். அச்சு அசல் தைலம்மாள்தான். பக்கத்தில் புளி விற்கிற பெண் தன்னை மறந்து சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

தைலம்மாள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தன் குரலைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானு இப்பிடித்தான் பேசறனா?"

"ஆமாக்கா."

"அந்தப் பொட்டிக்குள்ள நானு தப்பாதான் எண்றனா? ஒருவாட்டிகூட சரியா எண்ணலியா?"

இல்லை என்று கோகிலவாணி தலையசைத்தாள். அப்படி ஒரு வசனம் அவர்கள் பதிவு செய்யவே இல்லை.

"அன்னிக்கி வந்து கேட்டனே. தெரியலன்னு சொன்னியே பாப்பா" என்றாள் தைலம்மாள். "நானு அந்தப் புள்ளைய அடிச்சன்."

அவ்வளவுதான். வெள்ளிமலை பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. தைலம்மாள் மீதிக் காய்களை அள்ளிக் கூடையில் போட்டு, சாக்கை மடித்தாள். தூக்கிவிடலாம் என்று கோகிலவாணி கூடையில் கை வைத்தாள். தைலம்மாள் கூடையைத் தன் பக்கம் நகர்த்தி, தானே தூக்கிக்கொண்டு போய் ஏறினாள்.

அன்றைக்கே கோகிலவாணி மாடியேறி இளஞ்செழியனிடம் நடந்ததைச் சொல்லி, காய்க்காரியை எடுத்துவிடச் சொன்னாள். முதலில் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. "அக்கா, புள்ளைங்களுக்குப் புடிச்சதே அந்தக் காய்க்காரிதான். இப்ப எடுக்கச் சொன்னா எப்பிடி? அது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"அவங்க பொண்ணுக்குத் தெரியுது. நீ வீக்குன்னு சொன்னியே, அந்தப் பொண்ணுக்கு."

அவளே தொடர்ந்து, "தைலம்மாக்கா ஒண்ணு கேட்டாங்க தம்பி. ஒருவாட்டிகூட சரியா எண்ணலியான்னு" என்றாள்.

இளஞ்செழியன் கம்ப்யூட்டரைத் திருப்பி, பிள்ளைகள் தொட்ட விடைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். காய்க்காரி எப்போதும் தப்பாகவே சொல்வதால், பிள்ளைகள் எண்ணிப் பார்க்காமலே 'தப்பு' அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவன் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்ட மதிப்பெண்களில் பாதிக்கு அர்த்தமே இல்லை. "அன்னிக்கி அந்த ரூம்ல நெசமா கணக்குப் போட்டது அந்தப் பாப்பா ஒண்ணுதான் போலக்கா" என்றான். குரல் இறங்கியிருந்தது.

காய்க்காரியை எடுத்தார்கள். அவளுக்குப் பதிலாக, பஸ் ஸ்டாண்டில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சுடிதார் போட்ட ஒரு பெண் வந்தாள். சில கணக்கைச் சரியாகச் சொல்வாள், சிலதைத் தப்பாகச் சொல்வாள். கோகிலவாணி தன் சொந்தக் குரலில் பேசினாள். 'அச்சச்சோ' வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். 'இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்போமா' என்று பதிவு செய்தார்கள். பள்ளிகளில் இருந்த பெட்டிகளையெல்லாம் இளஞ்செழியன் திரும்ப வாங்கி மாற்றினான். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

புதியதைக் கொடுக்க மலைக்குப் போனபோது அவளும் போனாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வருகிறேன் என்றாள். நிர்மலா டீச்சர் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கே போய்ப் பேசி ஜீவிதாவைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்து வந்திருந்தார். வகுப்பில் அவளை 'இருசாமி' என்று கூப்பிடுகிறார்கள், அதட்டினால் அடங்குகிறது, தான் திரும்பினால் மறுபடி தொடங்குகிறது என்று வாசலிலேயே சொன்னார்.

கோகிலவாணி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். நாளெல்லாம் மைக்கில் பேசுகிறவளுக்கு அந்தச் சின்ன வகுப்பில் குரல் எழும்பவில்லை.

"போன தடவ நான் ஒருத்தங்க மாதிரி பேசிக் காட்டினேன், நீங்க எல்லாரும் சிரிச்சீங்க" என்றாள். "அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. எனக்கு நல்லது பண்ணவங்க. அவங்களக் கேக்காம அவங்க பேச்ச எடுத்து வெளையாட்டுல வச்சிட்டேன். அதோட, நெசத்துல அவங்க சரியா எண்றவங்க, நான்தான் தப்பாவே எண்ற மாதிரி பேசினேன். தப்பு என்னுது. அத வச்சி யாரையும் கூப்புடாதீங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கத்திய பையன் பென்சிலைக் கடித்தான். மூன்றாவது வரிசையில் ஜீவிதா ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீவிதா, அக்கா எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து சொல்றாங்க. பரவால்லக்கான்னு சொல்லும்மா" என்றார் டீச்சர்.

குழந்தை மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாங்க டீச்சர், அவ சொல்ல வேணாம்" என்றாள் கோகிலவாணி.

டிவி இல்லாமல் விளையாட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்து, விரலை மடக்கி, யோசித்துத் தொட்டார்கள். யார் எதைத் தொட்டார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஜீவிதாவின் முறை வரும்போது கோகிலவாணி எழுந்து வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். தன் கண் மேலே இருப்பது அந்தக் குழந்தைக்குப் பிடிக்காது என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் ஜீவிதா வெளியே வந்தாள். குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். மரத்தடியில் நின்றிருந்தவளைக் கடந்துதான் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். பார்க்காமலே கடந்து போனாள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்ததும், "டீச்சர், எனக்கு இன்னொரு வாட்டி" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

தைலம்மாள் இப்போதும் கள்ளக்குறிச்சிக்கு வருகிறாள். பஸ் ஸ்டாண்டின் மறுகோடியில், சேலம் பஸ் நிற்கும் பக்கம் உட்காருகிறாள். தலைத்துண்டு கட்டுவதில்லை. அந்தப் பக்கமும் ஒலிபெருக்கி உண்டு. ஒவ்வொரு நாளும் மைக்கைத் திறக்கும்போது, தன் குரல் அங்கே போய் யார் காதில் விழப்போகிறது என்ற நினைப்பு கோகிலவாணிக்கு வரும். ஒரு நிமிஷம் வாய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஜவுளிக்கடைப் பெயரில் தொடங்குவாள்.